டயருக்குள் ஒரு துணி!

குழந்தைகளே, பஞ்சர் கடை வாசலில் கிடக்கும் கிழிந்த லாரி டயரை எப்போதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அடுத்த முறை பாருங்கள். கறுப்பு ரப்பர் பிய்ந்த இடத்தில் பிசிறு பிசிறாக நூல் நீட்டிக்கொண்டிருக்கும். ஆமாம், டயருக்குள் துணி இருக்கிறது!

ரப்பர் மட்டும் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு பலூனை ஊதிப் பாருங்கள். காற்று ஏற ஏறப் பெருத்துக்கொண்டே போய் 'டப்' என்று வெடித்துவிடும். வெறும் ரப்பரில் டயர் செய்தால் அதற்கும் அதே கதிதான். இழுத்தால் ரப்பர் நீளும். நல்ல நூல் அவ்வளவு சுலபமாக நீளாது. காற்றின் அழுத்தத்தையும் லாரியின் பாரத்தையும் தாங்குவது உள்ளே இருக்கும் நூல்தான். ரப்பர் அந்த நூலை இடம் மாறாமல் பிடித்துக்கொள்கிறது, தேயாமல் காப்பாற்றுகிறது.

1888-ல் அயர்லாந்தில் வாழ்ந்த டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். அந்தக் காலத்து டயர்களில் வைத்தது சாதாரண நெசவுத் துணி. அங்கேதான் ஒரு சிக்கல்!

பொதட்டூர்பேட்டைப் பக்கம் இருக்கும் பிள்ளைகளுக்குத் தறியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நீளவாக்கில் ஓடும் நூல் பாவு. குறுக்கே ஓடும் நூல் ஊடை. சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் இடம் நசுங்கும், மேலே போனதும் நிமிரும். ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படித்தான். அப்போது துணியின் பாவும் ஊடையும் ஒன்றையொன்று ரம்பம் மாதிரி அறுத்துக்கொண்டன! ஜான் பால்மர் என்பவர் 1890-களில் இதற்கு வழி கண்டார். நூல்களைப் பின்ன வேண்டாம், பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் போதும் என்றார். இன்றைய டயர்த் துணியிலும் பாவு முறுக்கேறிய கெட்டிக் கயிறாக நெருக்கமாக இருக்கும். ஊடையோ மெல்லிய இழையாக அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். அதற்கு ஒரே வேலை, ரப்பர் ஏறும்வரை பாவு கலையாமல் பிடித்துக்கொள்வது.

முதலில் பருத்தி நூல், பிறகு ரேயான், அதன் பிறகு நைலான். 1935-ல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானை உருவாக்கினார்கள். அது முதன்முதலில் கடைக்கு வந்தது 1938-ல், பல் துலக்கும் பிரஷ்ஷாக! பாவம், அதைப் பார்க்கக் கரோதர்ஸ் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

நம் ஊருக்கு வருவோம். மணலியில் எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் 1970-களிலிருந்து நைலான் டயர்த் துணி செய்கிறது. (மணலி இப்போது சென்னை மாவட்டம். நான் பாடம் நடத்திய காலத்தில் திருவள்ளூர் மாவட்டம்!) கும்மிடிப்பூண்டியிலும் அவர்களுக்கு ஆலை உண்டு. பிளாஸ்டிக் பூசிய கெட்டித் துணி வகைகள் அங்கே தயாராகின்றன.

நைலான் நூல் எப்படிப் பிறக்கிறது தெரியுமா? நம் வீட்டு இடியாப்ப அச்சு மாதிரிதான். டயருக்கான நைலான் வில்லைகள் சுமார் 220 டிகிரியில் உருகும். அந்தக் கூழை மிக நுண்ணிய துளைகள் வழியே அழுத்தினால் இழை இழையாக வரும். ஆனால், அந்த இழைக்கு உடனே பலம் வந்துவிடாது. அதைப் பிடித்துப் பல மடங்கு நீளத்துக்கு இழுக்க வேண்டும். அப்போதுதான் தாறுமாறாகக் கிடந்த மூலக்கூறுகள், காலைப் பிரார்த்தனைக்கு மணி அடித்ததும் நீங்கள் நிற்பதுபோல வரிசையாகின்றன. சந்தேகம் என்றால் பழைய பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பட்டை வெட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்ச தூரம் மெலிந்துகொண்டே வரும். பிறகு விறைத்துக்கொண்டு மேலே நீள மறுக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நைலானும் ரப்பரும் தாமாக ஒட்டாது. அதனால் வெள்ளைத் துணியை ஒரு பசைக் கரைசலில் முக்கிச் சூடாக்குகிறார்கள். வெளியே வரும்போது செம்பழுப்பு நிறமாகி இருக்கும்.

லாரியைத் தாங்கும் துணி மனிதரின் இதயத்துக்குள்ளும் போயிருக்கிறது! திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் செயற்கை இதய வால்வு செய்யப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தேறவில்லை. நான்காவது தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோக வளையத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் வட்டு, நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடுகிறது. உலோகத்தில் ஊசி இறங்குமா? இறங்காது. அதனால்தான் சுற்றிலும் பாலியெஸ்டர் துணி வைத்திருக்கிறார்கள். டாக்டர் அந்தத் துணியில்தான் தையல் போடுகிறார். பிறகு துணியின் கண்களுக்குள் உடம்பின் சதையே வளர்ந்து பிடித்துக்கொள்கிறது.

டயரில் நூலும் ரப்பரும் கூட்டுச் சேர்ந்தன அல்லவா? அதேபோல நாரும் பிசினும் கூட்டுச் சேர்ந்தால் இரும்பைவிட மிகவும் எடை குறைந்த, பலமான பொருள் கிடைக்கும். நம் அப்துல் கலாம் ஐயா ஹைதராபாத்தில் ஏவுகணைப் பணியில் இருந்தபோது இப்படிப்பட்ட பொருள்களை உருவாக்கினார்கள். ஒருநாள் நிஜாம் மருத்துவ நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் அங்கே வந்து, அதில் ஒரு துண்டைக் கையில் தூக்கிப் பார்த்தார். உடனே கலாமைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ச் சில குழந்தைகளைக் காட்டினார். போலியோவால் கால் சூம்பிய குழந்தைகள். ஒவ்வொருவரும் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள இரும்புக் காலிபரை இழுத்து இழுத்து நடந்தார்கள். மூன்றே வாரத்தில் சுமார் 300 கிராம் எடையில் புதிய காலிபர் தயாரானது. அதை மாட்டிக்கொண்டு குழந்தைகள் ஓடியதைக் கண்ட மகிழ்ச்சியைக் கலாம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

உங்களில் பலர் காலிபரைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். 2011-க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் யாரையும் தாக்கவில்லை. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றும் கிடைத்துவிட்டது. ஆனால், என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மாடிப்படியில் 'டங்... டங்...' என்று இரும்புச் சத்தம் கேட்டால் அவன் வருகிறான் என்று அர்த்தம். அவன் மேலே வந்து சேரும்வரை பாடத்தை ஆரம்பிக்காமல் கரும்பலகையை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

சில வருஷங்களுக்கு முன் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் மின்சார ரயிலுக்காகக் காத்திருந்தேன். "சார், என்னைத் தெரியுதா?" என்று ஒரு குரல். திரும்பினால் அவன்தான்! சிப்காட்டில் வேலையாம். பேண்டை லேசாகத் தூக்கிப் புதுக் காலிபரைக் காட்டினான். பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவே இல்லை.