பரணில் கிடக்கும் ஃப்ளாப்பி... எந்த டிரைவ் படிக்கும்?

தியாகதுருகத்தில் ஒரு வீட்டில் பொங்கலுக்குப் பரணை ஒழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியராக இருந்த தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கறுப்பாக, சதுரமாக ஒரு மெல்லிய தகடு. ஐந்தே கால் அங்குல ஃப்ளாப்பி! பேரனுக்கு அது என்னவென்றே தெரியாது. காயலான் கடைக்குப் போடுவதா, வைத்திருப்பதா?

1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ என்ற கம்ப்யூட்டர் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் நாடு முழுவதும் சுமார் 250 பள்ளிகள். அங்கே போனவை, பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் 1981-ல் வெளியிட்ட ‘பிபிசி மைக்ரோ’ கம்ப்யூட்டர்கள். அந்தக் காலத்து ஃப்ளாப்பியில் ஒரு பக்கத்தில் 100 கேபி அடங்கும். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு போட்டோ அளவுதான். ஆனால், ஒரு வகுப்பின் உழைப்பே அதில் இருக்கலாம்.

செருகினால் போதாதா?

போதாது. மிக்ஸி ஜார் மாதிரிதான். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், வேறு கம்பெனி மிக்ஸியில் ஓடாது.

டிரைவின் வேலை, தகட்டைச் சுழற்றி காந்தப் பதிவைத் தொட்டு உணர்வது மட்டுமே. அதை எழுத்தாக மாற்றுவது கன்ட்ரோலர் சிப். பிபிசி மைக்ரோவில் முதலில் இருந்தது இன்டெல் 8271. அது கிடைப்பது அரிதாகி, விலையும் ஏற, வெஸ்டர்ன் டிஜிட்டல் 1770 வந்தது. பழைய சிப் இருந்த இடத்தில் செருகும் சிறு கார்டுகளையும் பல கம்பெனிகள் விற்றன. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற ரோம் சிப் வேண்டும்.

சாதாரண ஃபைல்களை இரண்டுமே படித்தன. ஆனால், காப்பியடிப்பதைத் தடுக்க 8271-உடன் நேரடியாகப் பேசிய கேம்கள் 1770-ல் திணறின. 1770 இரட்டை அடர்த்தியில் எழுதியதை 8271-ஆல் படிக்கவே முடியாது.

40 படியா, 80 படியா?

டிரைவிலும் இரண்டு வகை: 40 டிராக், 80 டிராக். ஒரே உயரத்துக்கு ஒரு மாடியில் 40 படி, இன்னொன்றில் 80 படி என்பதுபோல. 80 டிராக் டிரைவில் 40 டிராக் ஃப்ளாப்பியைப் படிக்க, இரண்டிரண்டு படியாகத் தாண்ட வேண்டும். படிக்கலாம், எழுதினால் வம்பு. அதன் கோடு மெல்லியது. பழைய அகலக் கோட்டின் ஓரம் அழியாமல் நிற்கும். 40 டிராக் டிரைவ் இரண்டையும் சேர்த்துப் படித்துக் குழம்பும்.

இப்போது என்ன வழி?

கடைகளில் கிடைக்கும் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் மூன்றரை அங்குலத்துக்கானது; இதற்கு உதவாது. ஐந்தே கால் அங்குல டிரைவுடன் ‘கிரீஸ்வீசல்’ என்ற சிறு கார்டை இணைத்தால், எந்த சிப் எழுதியது என்று பார்க்காமல் காந்தப் பதிவை அப்படியே இன்றைய கம்ப்யூட்டருக்கு எடுத்துவிடும். அர்த்தம் பிரிக்கும் வேலையை சாஃப்ட்வேர் பிறகு செய்துகொள்ளும்.

அதற்கு முன், ஃப்ளாப்பியின் ஓரத்தில் உள்ள சிறு வெட்டை ஸ்டிக்கரால் மூட வேண்டும், தவறியும் அழியாது. பூஞ்சை பிடித்திருந்தால் டிரைவில் போடக் கூடாது. ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

முக்கியமாக, தாத்தாவிடம் ஒரு கேள்வி: “இது எந்த கம்ப்யூட்டர்ல எழுதினது?” பதிலை உறையின் மேல் குறித்து வைத்தால் போதும். பாதி வேலை முடிந்தது. அந்தப் பதிலை எந்த கார்டும் தராது.