உங்களுக்குத் தெரியுமா? பர்ஸில் பூத்த பூ

◆ தோல் பர்ஸ் வாங்கப் போனால், விலை கேட்பதற்கு முன் அதன் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும். நகத்தின் பிறைத் தடம் அப்படியே நின்றால், மேலே பூச்சு இல்லாத, மரப்பட்டையில் பதனிட்ட தோல். கொஞ்ச நேரத்தில் மேலெழும்பி மறைந்தால் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டது. பூ, மயில், சங்கு சக்கரம், பெயரின் முதலெழுத்து என்று உளியால் கையச்சு போடும் வேலையெல்லாம் பட்டைத் தோலில்தான் நன்றாக நிற்கும். குரோம் தோலில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சில நாளில் பூ வாடிவிடும்.

◆ சித்தூரும் திருப்பதியும் 1911 வரை வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தன. ஜில்லாவின் தலைமையிடமே சித்தூர்! ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று இன்று தோலுக்குப் பேர்போன ஊர்கள் அதே ஜில்லாவைச் சேர்ந்தவை. 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டமாகிவிட்டது. எல்லைக்கோடு மாறினாலும் பாலாறு மாறவில்லை. கர்நாடகத்தில் பிறந்து, சித்தூர் மாவட்டத்துக் குப்பம் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாணியம்பாடிக்கு வருகிறது.

◆ தெருவோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரையை நாம் சர்க்கரை நோய்க் கஷாயத்துக்கும் பொங்கல் காப்புக்கட்டுக்கும் தேடுவோம். அதன் பட்டையைத்தான் தென்னிந்தியாவில் தோல் பதனிடும் ஷாப்புகள் வண்டி வண்டியாக வாங்கின. பட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரில் தோல் கிடக்கும்போது, பட்டையின் துவர்ப்புச் சத்து தோலின் நார்களைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு தோல் அழுகாது. ஆவாரம் பட்டைத் தோல் வெளிர் நிறமாக, மெத்தென்று இருக்கும். ஆனால் வெயில் பட்டால் சிவக்கும். அதற்கும் மருந்து நம் நாட்டு மருந்துக் கடையிலேயே உண்டு: கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முக்கு. இப்படிப் பதனிட்ட தோல்தான் ‘ஈ.ஐ. லெதர்’, அதாவது கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து லண்டனுக்குப் போனது. இன்று அதற்குத் தமிழ்நாட்டின் பெயரில் புவிசார் குறியீடு உண்டு. பட்டைக்குத் தட்டுப்பாடு வந்தபின் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் மரப்பட்டை அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஆவாரை பழையபடி கஷாயத்துக்குத் திரும்பிவிட்டது.

◆ குரோம் தோல் சென்னைக்கு வந்த கதையில் கமலைக் கிணறும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை அரசின் தொழில் அதிகாரி ஆல்ஃபிரட் சாட்டர்டன், கிணற்றில் நீர் இறைக்கும் தோல் பைக்காகவே குரோம் முறையைச் சோதித்தார். பட்டைத் தோல் தண்ணீரிலேயே கிடந்தால் சீக்கிரம் வீணாகும், குரோம் தாங்கும். பின்னர் சேம்பர்ஸ் என்பவர் நடத்திய குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர்.

◆ அச்சு போடுவதில் அடியைவிட ஈரம்தான் முக்கியம். பஞ்சால் தண்ணீர் ஒற்றினால் தோல் சட்டென்று கறுக்கும். உடனே உளியை எடுக்கக் கூடாது. கறுப்பு மெல்ல வடிந்து, தோல் தன் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். புறங்கையை வைத்தால் மட்டும் இன்னும் சில்லென்று இருக்கும். அதுதான் பதம், சப்பாத்தி மாவு மாதிரி. அதிக ஈரத்தில் அடித்தால் கோடுகள் கலங்கும். காய்ந்த பிறகு அடித்தால் தோல் வெடிக்கும். பதத்தில் அடித்தால் அச்சு விழுந்த இடம் தானாகவே ஒரு மடங்கு கருமையாகும், சாயமே வேண்டாம். முதலில் கத்தி நுனியால் பூவின் வெளிக்கோட்டைத் தோலின் பாதிக் கனத்துக்குக் கீறுவார்கள். பிறகு அந்தக் கோட்டுக்கு வெளிப்புறத்தைச் சாய்வு முனை உளியால் தட்டித் தாழ்த்துவார்கள். பூவை யாரும் தூக்கவில்லை. சுற்றிலும் பள்ளமானதால் அது தூக்கலாகத் தெரிகிறது. அடியில் கருங்கல் பலகை, கையில் மரச் சுத்தி. இரும்புச் சுத்தியல் பட்டால் உளியின் தலை சிதைந்துவிடும்.

◆ பாம்புத் தோல் பதித்த பர்ஸ் ஒரு காலத்தில் பெரிய அந்தஸ்து. அந்தப் பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தவர்கள் இருளர்கள், பணம் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். 1972இல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அந்த வியாபாரத்துக்குப் பூட்டு போட்டன. பிழைப்பு போன இருளர்களுக்காக 1978இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தில் தயாராவதுதான் பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில் போடும் ஊசி. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. தோலுக்காகக் கொன்ற பாம்பைவிட உயிரோடு இருக்கும் பாம்புக்கு மதிப்பு கூடிய கதை இது.

◆ அப்படியானால் இன்றும் கடையில் தொங்கும் ‘பாம்புத் தோல்’ பர்ஸ்? பெரும்பாலும் ஆடோ மாடோதான். சூடேற்றிய உலோகத் தகட்டால் மெஷினில் அழுத்திய செதில்கள். செதிலின் எதிர்த் திசையில் நகத்தால் வருடினால் உண்மையான பாம்புத் தோலில் ஓரம் தூக்கும், போலியில் வழுக்கிக்கொண்டு போகும். முதலைத் தோல் கோலமும் இதே தகட்டு வித்தைதான். போலி என்று தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், அசலை விற்றாலும் வாங்கினாலும் குற்றம். உடும்புத் தோலுக்கும் இதே சட்டம்தான். கஞ்சிரா வித்வான்கள் பலர் ஆட்டுத் தோலுக்கு மாறியதற்கும் இதுவே காரணம்.

◆ சட்டத்துக்கு உட்பட்டுப் பதிக்கவும் அழகான தோல்கள் உண்டு. ரோமத்தோடு பதனிட்ட கன்றுத் தோல், சாயமேற்றிய ஆட்டுத் தோல், இறகு பிடுங்கிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாய்ப் புடைத்திருக்கும் ஈமு தோல்.  

◆ ஆந்திரத்தின் பேர்பெற்ற தோல் சித்திரம் பர்ஸில் இல்லை, பொம்மலாட்டத் திரையில் இருக்கிறது. தோலு பொம்மலாட்டப் பொம்மைக்குத் தோலைப் பதனிடுவதே இல்லை. வெந்நீரில் ஊறவைத்து, முடியைச் சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். அதனால்தான் கண்ணாடித் தாள்போல் விளக்கொளி ஊடுருவுகிறது. நகைக்கும் சேலைக்கரைக்கும் வண்ணத்தோடு சிறு உளிகளால் பொடிப் பொடியாய்த் துளைகளும் போடுவார்கள். திரையில் மின்னுவது அந்தத் துளைகள்தான். மரபுப்படி தெய்வங்களுக்கு மான் தோல், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் ஆட்டுத் தோல். மான் இன்று சட்டத்தின் காவலில் இருப்பதால் ராமனுக்கும் ஆடுதான். தர்மாவரம் அருகே நிம்மலகுண்டாவைச் சேர்ந்த தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆட்டம் பார்க்க ஆள் குறைந்த பிறகு, அதே ஊர்க்காரர்கள் அதே உளியால் விளக்குக் கூடுகள் செய்து விற்கிறார்கள். இந்தத் தோலை மட்டும் பர்ஸுக்குக் கேட்காதீர்கள். மடித்தால் முறியும்.

◆ தோல் தீட்டு என்பவர்கள் காளஹஸ்திக்குப் போய் வரலாம். கண்ணப்பர் சிவலிங்கத்தின் மேலிருந்த பழைய பூவைச் செருப்புக் காலால் தள்ளியவர், கடைசியில் அதே காலைச் சுவாமியின் கண்ணுக்கு அடையாளமாக ஊன்றியவர். திருப்பதி மலையடிவாரத்தில் அலிபிரி பாதால மண்டபத்தில், பெருமாளின் உலோகப் பாதுகைகளைத் தலையில் சுமந்து பக்தர்கள் வலம் வருகிறார்கள். சுவாமி ராத்திரியில் நடந்துபோய்த் திருச்சானூர்த் தாயாரைப் பார்த்து வருகிறார், அதனால் செருப்பு தேய்கிறது என்பது நம்பிக்கை. ஆனாலும் திருமலையில் மாட வீதிக்குள் பக்தர் கால் செருப்புக்கு அனுமதியில்லை.

◆ மரப்பட்டைத் தோல் என்றால் சுற்றுச்சூழலுக்குப் பரமசாது என்று விளம்பரம் சொல்லும். முழுக்க நம்ப வேண்டாம். குரோமியம் இல்லாதது நல்லதுதான். ஆனால் முடி நீக்கும் சுண்ணாம்புக் குழியும், தோலைக் கெடாமல் வைக்கும் உப்பும் இரண்டுக்கும் பொது. பாலாற்றுக் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாகவே ஏற்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம்.

◆ கையால் செய்த பர்ஸுக்கு ஆர்டர் கொடுப்பவர்களுக்கு ஒரு தகவல். பதிப்புத் தோலை மேலே ஒட்டுவதில்லை. முகப்பில் ஜன்னல்போல் வெட்டி, அடியில் வைத்து, ஜன்னல் ஓரத்தைச் சுற்றித் தைப்பார்கள். அதற்குமுன் பதிப்பின் விளிம்பைக் கத்தியால் காகிதமாகச் சீவ வேண்டும். சீவாவிட்டால் பர்ஸின் மேல் தழும்புபோல் ஒரு மேடு தெரியும். ஜன்னலை மடிப்புக் கோட்டின் மேல் வைக்கவே சொல்லாதீர்கள். தினமும் திறந்து மூடும் இடத்தில் முதலில் தையல் போகும், பிறகு பதிப்பு போகும்.