காத்திருப்பதும் போர்தான்

லண்டனில் ஈஸ்ட் ஹாமை ஒட்டிய மேனர் பார்க்கில் வளர்ந்த ஜாக் கார்ன்வெல்லுக்கு வயது 16. 1916 மே 31 அன்று முதல் உலகப் போரின் ஜட்லண்ட் கடற்போரில் படுகாயத்தோடு பீரங்கியருகே ஆணைக்குக் காத்து நின்றான். இறந்தபின் விக்டோரியா கிராஸ் வீர விருது பெற்றான். அசையாமல் நிற்பதும் வீரமே என்பதற்கு நீர்மூழ்கி வீரர்களும் சாட்சி. எதிரி வீசும் ஆழ்நீர்க் குண்டு நீர்மூழ்கியைத் தொட வேண்டியதில்லை. குறித்த ஆழத்தில் வெடித்தால் அழுத்த அலையே விளக்குகளை உடைக்கும், இணைப்புகளைத் தளர்த்தும். ஆழத்தில் பதுங்கியவர்கள் பெரும்பாலும் திருப்பித் தாக்க முடியாது; ஓசையை அடக்கி, காற்றும் பேட்டரியும் தீருமுன் எதிரி விலகக் காத்திருப்பார்கள்.

மனவுறுதி இருந்தால் போதுமா? போதாது. 1944 பிப்ரவரி 12 அன்று, மாலத்தீவு அருகே, மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த கெடிவ் இஸ்மாயில் கப்பலை ஜப்பானின் ஐ-27 நீர்மூழ்கி மூழ்கடித்தது. சுமார் 1,300 பேர் மாண்டனர். பிரிட்டனின் பெட்டார்ட், பாலடின் போர்க்கப்பல்கள் வீசிய குண்டுகள் ஐ-27ஐ மேலே வரவைத்தன. பிறகு டார்பிடோ அதை அழித்தது. இத்தனை பேரைக் கொன்றவர்களின் அவதியை ஏன் எண்ண வேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது; ஐ-27ஐக் குறிவைத்து வீசிய அதே குண்டுகள் நீரில் தத்தளித்த கப்பல் பயணிகளின் நடுவிலும் வெடித்தன. ஆனால் ஒருவரின் பொறுமையை அளப்பது அவர் செயலை மன்னிப்பதாகாது. மனவுறுதி நேரத்தைத்தான் வாங்கித் தரும். இரும்பின் எல்லையை அது மாற்றாது.