பல்கலைக்கழக விரிவுரைகளும் வயல் விழாக்களும்: புத்தளக் கரையோரக் கமக்காரர் பயன்கொள்ளும் முறை

பல்கலைக்கழகம் பட்டம் பெறுவோர்க்கே உரிய இடம் என்னும் எண்ணம் கமக்காரர் பலரிடத்தில் உண்டு. அங்கு நடைபெறும் கூட்டங்களிற் பல ஆராய்ச்சியாளர் தமக்குள் பேசிக்கொள்வதற்கே நடத்தப்படுகின்றன என்பதும் உண்மையே. எனினும் விவசாய பீடங்கள் பொதுமக்களுக்கென நடத்தும் விரிவுரை, கண்காட்சி, வயல் விழா ஆகியவற்றுக்கு நெல் விளைவிப்போரும் தோட்டஞ் செய்வோரும் தாராளமாகச் செல்லலாம். எந்தக் கூட்டத்துக்குச் செல்வது, கையிற் கொண்டுபோக வேண்டியவை யாவை, அங்கு கேட்கவேண்டிய கேள்விகள் எவை என்பனவற்றை முன்னரே தெரிந்து செல்பவர் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தாருக்கு அண்மையிலுள்ள விவசாய பீடம், வயம்பப் பல்கலைக்கழகத்தினுடையது. இஃது பன்னலைக்கு அருகே, குருணாகல் மாவட்டத்து மாகந்துரையில் அமைந்துள்ளது. 1991 ஆம் ஆண்டில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய கல்விப்பணி, 1999 ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. விவசாய, பெருந்தோட்ட முகாமைத்துவ பீடத்துடன் கால்நடை, மீன்பிடி, போசணை பீடமும் மாகந்துரையிலேயே இருக்கிறது. மாரவிலை, வென்னப்புவைப் பகுதியாருக்கு இது நெடுந்தூரமன்று. கற்பிட்டியிலிருந்து புறப்படுவோர் பாலாவிச் சந்தியை அடைந்து, சிலாபம் வழியாகத் தெற்கே நூறு கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டும். ஒரு நாள் வேலையை விட்டு, பேருந்துச் செலவும் செய்து போகிறவருக்கு அந்நாள் வீணாகக்கூடாது.

பல்கலைக்கழக அறிவை ஊருக்குள் கொண்டுசெல்லும் முயற்சி புதியதன்று. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873 ஆம் ஆண்டிலேயே தன் ஆசிரியரை வெளியூர்களுக்கு அனுப்பி விரிவுரை செய்வித்தது. ஆயினும் கமக்காரரின் மனத்தைத் தொட்டது மேடைப்பேச்சன்று, கண்ணாற் காணும் பயிரே. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தின் டெரல் என்னும் ஊரில், 1903 ஆம் ஆண்டில், சீமன் நாப் என்பவர் கமக்காரர் ஒருவரின் சொந்த நிலத்திலேயே புதிய முறையைச் செய்யச் சொன்னார். இழப்பு நேர்ந்தால் ஈடுசெய்வதற்கு ஊர் வணிகர் பணம் சேர்த்து வைத்தனர். இழப்பு நேரவில்லை. அயலார் தாமே வந்து பார்த்துச் சென்றனர். விவசாயக் கல்லூரிகள் இவ்வகை விரிவாக்கப் பணியைச் செய்வதற்குப் பொதுப்பணம் ஒதுக்கும் சட்டம் 1914 இல் அந்நாட்டில் நிறைவேறியது. இலங்கையில் விவசாயத் திணைக்களம் 1912 இல் நிறுவப்பட்டது. குருணாகல் மாவட்டத்து பத்தலகொடையில் உருவாகி 1958 இல் வெளியிடப்பட்ட எச்-4 நெல்லினத்தை முதியோர் இன்றும் நினைவுகூர்வர்.

கூட்டங்களின் வகை

ஆராய்ச்சி மாநாடு என்பது ஒருவகை. பேராதனையில் 1975 இல் நிறுவப்பட்ட விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் ஆண்டுதோறும் நடத்தும் மாநாடு இதற்கு எடுத்துக்காட்டு. இங்கு ஒவ்வொருவரும் சில நிமிடங்களே பேசுவர். பேச்சு ஆங்கிலத்தில் நடைபெறும். படங்களும் எண்களும் விரைந்து மாறும். கமக்காரர் இதற்குச் செல்வதிற் பெரும் பயனில்லை என்று சொல்வதே நேர்மை. அச்சிட்ட சுருக்கங்களைப் பின்னர் விவசாயப் போதனாசிரியர் மூலம் கேட்டறிதல் போதும். திறந்த நாளும் கண்காட்சியும் இரண்டாம் வகை. பல பொருள்களை ஒருங்கே காணலாம், ஆனால் கூட்டம் மிகுதி. ஆசிரியரோடு நின்று பேச நேரம் கிடைப்பது அரிது. காலையில் முதலாவதாகச் செல்பவருக்கே அது வாய்க்கும்.

கமக்காரருக்கு உரியது மூன்றாம் வகையாகிய வயல் விழாவும் செயல்முறை விளக்கமுமே. பாத்தியின் ஓரத்தில் நின்று, மண்ணைக் கையால் எடுத்துப் பார்த்து, பயிரின் வேரைப் பிடுங்கிக் காட்டும்படி கேட்கக்கூடிய இடம் அது. பசளைப் பாவனை, நீர்ச்சிக்கனம், பீடைக் கட்டுப்பாடு ஆகியவை பற்றிய சிறு பயிற்சி வகுப்புக்களும் இவ்வகையைச் சேர்ந்தனவே.

கிணற்று நீரைப் பற்றிய கேள்வி

கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து செல்பவர் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்க முடியுமாயின், அஃது கிணற்று நீரைப் பற்றியதாக இருத்தல் வேண்டும். அங்குள்ள நிலம் மணல். மழைநீர் மணலுள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. சின்ன வெங்காயம், மிளகாய், பீற்றூட், உருளைக்கிழங்கு ஆகிய பயிர்களுக்கு இடும் யூரியாவில் பயிர் உண்டது போக எஞ்சியது, நீர் பாய்ச்சுந்தோறும் கீழே கழுவப்பட்டு நைத்திரேற்றாக அந்நீரிற் சேர்கிறது. தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1986 ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர் எழுதி வெளியிட்டனர். 2000 ஆம் ஆண்டிலும் கற்பிட்டியின் நீரையும் அங்கு விளையும் உணவுப் பொருள்களையும் சோதித்த ஆய்வொன்று வெளிவந்தது. இவ்வாய்வுகள் ஆங்கிலத்தில் அச்சாகி நூலகங்களில் இருக்கின்றன. தண்ணீரோ கமக்காரர் வீட்டுக் குடத்தில் இருக்கிறது.

குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. மிகுமாயின், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுப்பது ஆபத்து. குருதி உயிர்வளியைக் கொண்டுசெல்லும் திறனை இழக்க, குழந்தையின் உதடும் நகமும் நீலம்பாரிக்கும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் மடியும், நைத்திரேற்றோ போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். நீரின் நிறமும் சுவையும் இதைக் காட்டிக்கொடா. சோதனை ஒன்றே வழி.

சோதனையின் முடிவை இரு முறைகளில் எழுதுவர் என்பதை மறத்தலாகாது. நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் 50 என்னும் அளவு, அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டால் ஏறத்தாழ 11 ஆகும். தாளில் 12 என்றிருப்பதைக் கண்டு 50 க்கு மிகக் குறைவென்று மகிழ்ந்தவர், அவ்வெண் நைதரசனைக் குறிப்பதாயின் ஏமாந்தவராவார். எந்த முறையில் எழுதப்பட்டது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இச்சோதனையால் பணமும் மீளும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் பாய்ச்சினால் அது ஒரு இலட்சம் இலீற்றருக்குச் சற்று மேலாகும். நீரில் இலீற்றருக்கு 10 மில்லிகிராம் நைதரசன் இருப்பின், அந்த ஓர் அங்குல நீருடன் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் நைதரசனும் பயிருக்குச் செல்கிறது. ஒரு போகத்தில் 20 அங்குலம் பாய்ச்சினால் 20 கிலோகிராம் நைதரசன். யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு ஆதலால், இஃது ஏறத்தாழ 45 கிலோகிராம் யூரியாவுக்குச் சமம். ஐம்பது கிலோகிராம் மூடையொன்றுக்குச் சற்றே குறைந்த பசளை கிணற்றிலிருந்தே வருகிறது. இதில் எவ்வளவைப் பயிர் எடுத்துக்கொள்ளும், எவ்வளவு யூரியாவைக் குறைக்கலாம் என்பது பயிருக்குப் பயிர் வேறுபடும். பல்கலைக்கழக ஆசிரியரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

கொண்டுசெல்ல வேண்டியவை

கூட்டத்தில் மாதிரிகளைச் சோதிப்பார்களா என்பதை முன்னரே விசாரித்தறிதல் நன்று. நீர் மாதிரி எடுப்பதாயின், நீரிறைக்கும் இயந்திரத்தைச் சில நிமிடம் ஓடவிட்டபின், தூய போத்தலை அந்நீராலேயே மும்முறை கழுவி, நிரம்ப நிறைத்து மூடவேண்டும். குளிர்ச்சியான இருளில் வைத்து, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சேர்ப்பித்தல் அவசியம். பயணம் நெடிதாகையால் புறப்படும் காலையிலேயே எடுப்பது தக்கது. குடிக்கும் கிணற்றுக்கும் தோட்டக் கிணற்றுக்கும் வெவ்வேறு போத்தல் வேண்டும்.

மண் மாதிரியை ஓரிடத்தில் மட்டும் எடுத்தலாகாது. தோட்டத்தைக் கோணல்மாணலாகக் கடந்து பத்துப் பன்னிரண்டு இடங்களில் 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை எடுத்து, நன்கு கலந்து, அரைக் கிலோகிராமளவு பிரித்து, நிழலில் உலர்த்த வேண்டும். வரம்பும், எருக் குவித்த இடமும், மரநிழலும் விலக்கப்படல் வேண்டும்.

நோயுற்ற செடியைக் கொண்டுசெல்வோர் முற்றும் காய்ந்த செடியையே பெரும்பாலும் கொண்டு செல்கின்றனர். அதில் நோயின் காரணம் தெரியாது. பாதி வாடிய செடியை வேரோடு எடுத்து, பொலித்தீனில் இடாமற் பத்திரிகைத் தாளிற் சுற்றுக. பொலித்தீனுள் செடி வியர்த்து அழுகிவிடும். தக்காளியோ கத்தரியோ திடீரென வாடின், புறப்படுமுன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம்: தண்டின் அடியை வெட்டித் தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையிற் தொங்கவிட்டால், சில நிமிடங்களிற் பால்போன்ற நூலிழை கீழிறங்குமாயின் அது பற்றீரியா வாடல் நோய். அவ்வாறாயின் பங்கசுநாசினிக்குச் செலவிட்ட பணம் வீணே.

விரிவுரையிற் கேட்கவேண்டியவை

காட்டப்பட்ட விளைச்சல் எந்த மண்ணில், எத்தனை போகத்திற் பெறப்பட்டது? முதலிற் கேட்கவேண்டியது இது. மாகந்துரை இடைவெப்ப வலயத்தைச் சார்ந்தது, மழை கற்பிட்டியினும் மிகுதி, மண்ணும் கடல்மணலன்று. ஆங்கு வென்ற முறை ஆலங்குடாவிலும் நரக்களியிலும் வெல்லும் என்பது நிச்சயமன்று. அடுத்து, ஒப்புநோக்கும் பாத்தி எங்கே என்று கேட்டல் வேண்டும். புதிய பசளையிட்ட பாத்தி செழிப்பாக இருப்பது மட்டும் சான்றாகாது. பசளையிடாத பாத்தியும், வழக்கமான பசளையிட்ட பாத்தியும் அருகே இருந்தாலன்றோ வேறுபாடு விளங்கும்? இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 ஆம் ஆண்டிற் தொடங்கிய கோதுமைச் சோதனையில், பசளையே இடாத பாத்தியொன்று இன்றளவும் விளைவிக்கப்படுகிறது. ஒரே முறையைப் பல பாத்திகளில், சீட்டுக் குலுக்கினாற்போல் இடம் மாற்றிச் செய்து பார்க்கும் வழக்கமும், 1919 இல் அந்நிலையத்திற் சேர்ந்த ரொனல்ட் பிஷரின் ஆராய்ச்சியாலேயே பரவியது. ஒரு மூலையில் நிலம் இயல்பாகவே வளமாக இருந்தால் அதை வெற்றியென்று மயங்காதிருத்தற்கே இவ்வேற்பாடு.

செலவைக் கேட்பதற்கு நாணவேண்டியதில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டதைக் கமக்காரர் மறந்திரார். கூட்டெரு நல்லதென்பதில் ஐயமில்லை. மணலுக்கு அது மிகவும் வேண்டியது. ஆனால் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு நைதரசனுள்ள கூட்டெருவால் ஒரு மூடை யூரியாவை ஈடுசெய்ய ஏறத்தாழ 1,500 கிலோகிராம் எரு வேண்டும். அவ்வளவை யார் செய்வது, எதில் ஏற்றுவது, கூலி எவ்வளவு என்பவற்றுக்கு விடை சொல்லாத விரிவுரை பாதி விரிவுரையே.

கடலோர வயல்களில் நெல் விளைவிப்போர் உவர் பற்றிக் கேட்க வேண்டும். அம்பலாந்தோட்டையில் உருவான ஏ.ரி. 354 உவரைத் தாங்கும் இனமெனப் பெயர்பெற்றது. அதன் விதைநெல் எங்கே கிடைக்கும், எந்த அளவு உவர் வரை தாங்கும் என்பன கேட்கத்தக்கவை.

மொழியும் பயணமும்

பட்டப்படிப்பின் போதனாமொழி ஆங்கிலம். அங்குள்ளார் பெரும்பாலும் பேசுவது சிங்களம். தமிழ் பேசும் கமக்காரர் தமக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்பதைக் கூட்டத்துக்குச் சில வாரம் முன்னரே, கமக்காரர் அமைப்பின் பெயரால் எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். அன்று காலை சென்று கேட்டால் ஒருவரும் ஆயத்தமாக இரார். ஊரிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற மாணவர் இருப்பின் அவரை உடனழைத்துப் போதலும் ஒரு வழி. விடுமுறையாயின் அவரும் மகிழ்ந்தே வருவார்.

தனியொருவர் செல்வதைவிட நால்வர் சேர்ந்து செல்லுதல் செலவைக் குறைக்கும். அந்நால்வரில் ஒருவர் விரைந்து எழுதத் தெரிந்தவராகவும், ஒருவரேனும் பெண்ணாகவும் இருத்தல் நலம். களை பிடுங்குவதும் காய் பறிப்பதும் பெரும்பாலும் பெண்கள். வீட்டுக்குத் தண்ணீர் மொள்பவரும் அவரே. கிணற்று நீரைப் பற்றிய விடையை அவர் நேரிற் கேட்பதே முறை.

கூட்டங்களின் நாளும் நேரமும் போகத்துக்குப் போகம் மாறும். பிரதேச விவசாயப் போதனாசிரியரிடமும், கமநல சேவை நிலையத்திலும் அவற்றை விசாரிக்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். ஒக்டோபர், நவம்பரில் பெரும்போக விதைப்பு நடைபெறும்போது கூட்டம் வைத்தால் நெற்செய்கையாளர் வரமாட்டார் என்பதை ஏற்பாட்டாளருக்கு எடுத்துரைப்பதும் கமக்காரர் அமைப்பின் கடமையே.

திரும்பியபின், கேட்ட முறையை முழுத் தோட்டத்திலும் உடனே செய்தலாகாது. இரண்டு பாத்திகளில் புதிய முறையும், அடுத்த இரண்டில் பழைய முறையுமாக ஒரு போகம் செய்து, நிறுத்துப் பார்த்து எழுதிவைக்க. யூரியாவைக் குறைத்தவர், அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே கிணற்று நீரை மீண்டும் சோதிப்பித்து, இரு தாள்களையும் ஒருங்கே விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.