நுரையீரல் சிரைகள் நான்குதானா?

அறிவியல் நூல்களில் மனித உடலின் படம் எப்போதும் ஒன்றுபோலவே காணப்படும். உண்மையான உடல்கள் அவ்வாறு அமைவதில்லை. இருவர் முகம் ஒன்றுபோல் இராததைப் போலவே, இருவர் உடலின் உட்புறமும் முற்றிலும் ஒன்றுபோல் இராது. நுரையீரல் சிரைகள் இதற்கு நல்ல சான்றாகும்.

பொதுவாகச் சிரைகள் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தையே இதயத்திற்குக் கொண்டுவருகின்றன. நுரையீரல் சிரைகள் இதற்கு விலக்கானவை. அவை நுரையீரலில் தூய்மையடைந்த இரத்தத்தை இதயத்தின் இடது மேலறையில் சேர்க்கின்றன. வலது நுரையீரலில் மூன்று கதுப்புகளும் இடது நுரையீரலில் இரண்டு கதுப்புகளும் உள்ளன. கதுப்புகள் ஐந்தாயினும், மேலறையை அடையும் சிரைகள் பெரும்பாலோரிடம் நான்கே. வலது நடுக்கதுப்பின் சிரை, மேற்கதுப்பின் சிரையோடு கலந்துவிடுவதே இதற்குக் காரணம்.

எனினும், இவ்வமைப்பு எல்லாரிடமும் காணப்படுவதில்லை. சிலருக்கு வலது நடுக்கதுப்பின் சிரை எதனோடும் கலவாமல் தனி வாயிலாகவே மேலறையில் திறக்கிறது. அவர்களுக்கு வாயில்கள் ஐந்து. வேறு சிலருக்கு இடப்புறத்துச் சிரைகள் இரண்டும், தேவப்பிரயாகையில் அலகநந்தாவும் பாகீரதியும் கூடிக் கங்கையாவதுபோல, ஒன்றாய்க் கூடிய பின்னரே மேலறையை அடைகின்றன. அவர்களுக்கு வாயில்கள் மூன்று.

இவ்வேறுபாடு தாயின் கருவிலேயே தோன்றுகிறது. தொடக்கத்தில் நுரையீரல்களின் இரத்தம் முழுவதும் ஒரே பொதுச்சிரை வழியாக இதயத்தை அடைகிறது. கரு வளர வளர, அப்பொதுச்சிரையை மேலறையின் சுவர் தன்னுள் ஈர்த்துக்கொள்கிறது. அதன் கிளைகள் தனித்தனி வாயில்களாகின்றன. ஈர்ப்பு சற்று முன்னரே நின்றால் வாயில்கள் குறையும். சற்று மிகுந்தால் வாயில்கள் கூடும்.

இத்தகைய வேறுபாடுகள் உடையோர் நலமாகவே வாழ்கின்றனர். பலர் அதனை அறிவதே இல்லை. ஆனால், அறுவை மருத்துவர் அதனை அறிந்தே ஆகவேண்டும். இடது நுரையீரலின் ஒரு கதுப்பு நோயுற்றதால் அதனை அகற்ற நேர்கிறது என்று கொள்வோம். மருத்துவர் அக்கதுப்பின் சிரையைக் கட்டி அறுப்பார். அங்கே இரு சிரைகளும் கூடிய பொதுச்சிரை இருந்து, அதனை ஒரு கதுப்பின் சிரை எனக் கருதிக் கட்டிவிட்டால், நலமாயுள்ள மற்றக் கதுப்பின் இரத்தமும் வெளியேற வழியின்றித் தேங்கும். நோயாளியின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

இச்சிரைகளின் மற்றொரு பங்கும் பின்னர் வெளிப்பட்டது. இதய மேலறைகள் சீரின்றித் துடிக்கும் நோயைத் தூண்டும் மின்குறிப்புகள், பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்தே எழுகின்றன என்பதைப் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரின் மருத்துவர் மிஷேல் ஐசாகேர் குழுவினர் 1998ஆம் ஆண்டு விளக்கினர். இன்று மருத்துவர்கள் காலின் சிரை வழியே மெல்லிய குழலை இதயத்திற்குள் செலுத்தி, சிரை வாயில்களைச் சுற்றிச் சுட்டு, அக்குறிப்புகளைத் தடுக்கின்றனர். ஐந்து வாயில்கள் உள்ள இதயத்தில் நான்கை மட்டும் தேடினால் ஒன்று விடுபட்டுப்போகும். ஆகவே, பல மருத்துவமனைகளில் சி.டி. ஸ்கேன் எடுத்து வாயில்களை முன்னரே எண்ணிக்கொள்கின்றனர்.

வேறுபாடுகள் அனைத்தும் தீங்கற்றவை அல்ல. அரிதாகச் சில குழந்தைகளுக்கு எல்லாச் சிரைகளும் இடது மேலறைக்கு மாறாக, இதயத்தின் வலப்பக்கம் சென்று சேர்கின்றன. தூய இரத்தமும் தூய்மையற்ற இரத்தமும் கலப்பதால் குழந்தையின் உடல் நீலம் பாயும். அறுவை மருத்துவத்தால் சிரைகளை உரிய இடத்தில் இணைத்து அக்குழந்தைகளைக் காக்க முடிகிறது.

நூலில் உள்ள படம் பொதுவான வழியைக் காட்டுகிறது. ஆயினும், மருத்துவர் கத்தியை எடுக்குமுன் காணவேண்டியது அந்நோயாளியின் உடலையே.

சொற்பொருள்
சிரை – இதயத்தை நோக்கி இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்
கதுப்பு – நுரையீரலின் பெரும் பிரிவு
விலக்கு – பொதுவிதிக்கு உட்படாதது

வினாக்கள்
1. நுரையீரல் சிரைகள் மற்றச் சிரைகளிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றன?
2. கதுப்புகள் ஐந்தாக இருந்தும் சிரை வாயில்கள் பெரும்பாலும் நான்காக இருப்பது ஏன்?
3. பொதுச்சிரையைத் தவறாகக் கட்டினால் நேரும் தீங்கு யாது?
4. உங்கள் வகுப்பு மாணவர்களிடம் காணப்படும் உடல் வேறுபாடுகள் மூன்றனை எழுதுக.