உதவிப் பணமும் சட்டத்தின் துணையும்

அரசாங்கம் வறியோருக்கு வழங்கும் பொது உதவிப் பணத்தைப் 'பிச்சைச் சம்பளம்' என்று சொல்லும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தின் வழிவந்த அவ்வுதவிக்கு மக்கள் இட்ட அப்பெயர், தவறான எண்ணம் ஒன்றையும் உடன் வளர்த்துவிட்டது. பிச்சை கேட்பவர் கிடைத்தால் பெற்றுக்கொள்வார். கிடையாவிடின் பேசாது திரும்புவார். சட்டப்படி வழங்கப்படும் உதவியோ பிச்சையன்று. அது மறுக்கப்படுமாயின், காரணம் யாதென வினவும் உரிமை எவருக்கும் உண்டு.

அஸ்வெசும எனப்படும் உதவித் திட்டம், 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. 2023 யூலை மாதம் முதல் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தில், குடும்பங்கள் நான்கு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. மாதக் கொடுப்பனவு பிரிவுக்கேற்ப 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என முதலில் அமைந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 அளவைகளைக் கொண்டு வறுமை கணிக்கப்பட்டது.

பிழை நேரக்கூடிய இடம் இக்கணிப்பே. அக்கரைப்பற்றில் மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடித்து வைத்தல் வழமை. மகளுக்குக் கல்வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்புறத்தில் சிறு குடிலொன்றில் தனியே உலை வைத்து வாழும் கைம்பெண் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வளவு ஒன்றாதலின் குடும்பமும் ஒன்றே என எழுதப்பட்டுவிட்டால், கல்வீடும் மருமகனின் உழைப்பும் அம்முதியவரின் கணக்கில் ஏறிவிடும். பட்டியலில் அவர் பெயர் இடம்பெறாது போகலாம்.

இந்நிலையில் கிராம உத்தியோகத்தரிடம் வாய்மொழியாக முறையிட்டுவிட்டு வீடு திரும்புதல் போதாது. குறிக்கப்பட்ட தவணைக்குள் எழுத்து மூலம் மேன்முறையீடு செய்தல் வேண்டும். 2023இல் முதற் பட்டியல் வெளியானபோது, நாடெங்கிலுமிருந்து இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் வந்தன. வீட்டு உறுதியின் பிரதி, கணவரின் மரண அத்தாட்சிப் பத்திரம், தனிக் குடும்பமாக வாழ்வதை உறுதிசெய்து சமாதான நீதவான் முன்னிலையில் முடித்த சத்தியக் கடதாசி ஆகியவற்றை அதனுடன் இணைத்தல் நலம். மனுவின் பிரதியொன்றையும், அதனை ஒப்புக்கொண்டதற்கான பற்றுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். பிந்தி எழும் எந்த வழக்குக்கும் அத்தாள்களே சாட்சி.

தமது குடும்பத்தைப் பற்றி என்ன பதியப்பட்டது என்பதை அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணைசெய்யும். விண்ணப்பம் கிடைத்தபின், தகவல் வழங்கப்படுமா என்னும் முடிவைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். எழுத இயலாதவர் வாயால் கேட்கலாம். அதனை எழுத்தில் வடிப்பது அந்த உத்தியோகத்தரின் பொறுப்பு.

வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுக்க வசதியில்லையே என்று சோர்ந்துவிடவும் வேண்டியதில்லை. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தோருக்கு ஆலோசனை வழங்குவதோடு, அவர்கள் சார்பில் நீதிமன்றிலும் தோற்றுகிறது. கடிதம் வரைதல், ஆவணங்களை ஒழுங்குபடுத்துதல் முதலிய சிறு உதவிகளே பெரும்பாலும் காரியத்தை முடித்து வைக்கும்.

மறுப்புப் பாரபட்சத்தால் விளைந்ததெனத் தோன்றினால், கல்முனையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தை நாடலாம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுச் செய்யும் தவணை ஒரு மாதமே. அம்மாதத்துள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையிலுள்ள காலம் தவணையிற் சேராது. அதிகாரியின் முடிவு சட்டத்துக்கு மாறானதாயின், எழுத்தாணை கோரி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் செல்லலாம்.

இவ்வழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பகை காலதாமதமே. பட்டியல் வெளியான அன்றே அதனைப் பார்த்து, மறு வாரத்துக்குள் மனுவை ஒப்படைப்பவருக்குச் சட்டத்தின் வாயில் திறந்திருக்கும். முதியோருக்காக அவ்வலுவலகப் படியேறுவது, அவ்வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளின் கடன்.