சும்மா கிடக்கிற புதர் இல்லை, காடு! கிண்டியை ஏன் காப்பாற்ற வேண்டும்?

அசோக் பில்லரில் இருந்து நூறடி சாலையைப் பிடித்து, கத்திப்பாரா வழியாக சர்தார் படேல் சாலைக்குள் நுழைந்தால், ஒரு பக்கம் நீளமாக மதில் சுவர் வரும். உள்ளே எட்டிப் பார்த்தால் முள், புதர், கொடி, அங்கங்கே குட்டையான மரங்கள். ஊட்டி, கொடைக்கானலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது காடு மாதிரியே தெரியாது. "இவ்ளோ பெரிய இடம் சும்மாதானே கிடக்கு?" என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால், சோழமண்டலக் கடற்கரையில் ஒரு காலத்தில் பரவியிருந்த ஒரு தனி வகைக் காட்டின் கடைசித் துண்டுகளில் ஒன்று அது. கிண்டி தேசியப் பூங்கா. பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான்.

இது என்ன வகைக் காடு?

இதன் பெயர் வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு. பெயரிலேயே ஒரு முரண் இருக்கிறது. வறண்ட இடம் என்றால் கோடையில் இலை உதிர வேண்டும். இங்கே உதிர்வதில்லை.

காரணம் நம்ம ஊர் மழைதான். சென்னையில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதன் பிறகு மாதக்கணக்கில் வெயில். இங்குள்ள பல செடிகள் சிறிய, தடித்த, தோல் போன்ற இலைகளை வைத்துக்கொண்டு தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கின்றன. களா, காரை, காட்டு எலுமிச்சை, விளா எல்லாம் இந்தக் காட்டின் ஆட்கள். பழத்தைத் தின்னும் பறவைகள்தான் பல செடிகளுக்கு விதை பரப்புகின்றன. உயரமாக வளர்வதில்லை என்பது குறையில்லை. இந்த மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ற உருவமே அதுதான்.

எவ்வளவு இருந்தது? எவ்வளவு மிச்சம்?

1821-ல் அரசு இந்த நிலத்தை விலைக்கு வாங்கியது. 1910-ல் 505 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. பிறகு ஒவ்வொரு துண்டாகப் போக ஆரம்பித்தது. 1958-ல் ஐஐடிக்காக ஒரு பகுதி கொடுக்கப்பட்டது. 1961 முதல் 1977 வரை கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்குமாக சுமார் 172 ஹெக்டேர் கைமாறியது. ராஜாஜி, காமராஜர் நினைவிடங்கள் எழுந்ததும் அந்தக் காலத்தில்தான்.

எஞ்சியது 1978-ல் தேசியப் பூங்காவானது. இன்று இருப்பது சுமார் 270 ஹெக்டேர். அதாவது, பாதிக்குக் கொஞ்சம் கூட. எடுத்தவை எதுவும் தேவையில்லாத விஷயங்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் "காலி இடம்" என்று கண்ணில் பட்டது இந்தக் காடுதான்.

'தரிசு' என்ற முத்திரை

இது கிண்டியின் பிரச்சினை மட்டும் இல்லை. மத்திய அரசு வெளியிடும் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர் நிலங்களுக்கென்றே ஒரு பிரிவு உண்டு. புதர் இருந்தால் தரிசு என்று ஏட்டில் ஏறிவிட்டால், அங்கே எதைக் கட்டினாலும் அது 'வளர்ச்சி' ஆகிவிடும்.

அமெரிக்காவிலும் இதே கதை. நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரத்தை ஒட்டி, பனியுகத்து ஏரி விட்டுச்சென்ற மணல்மேட்டில் ஒரு குட்டைப் பைன் காடு இருக்கிறது. அந்த வகை நிலத்துக்கு அங்கே 'பைன் பேரன்ஸ்' என்று பெயர். 'பேரன்' என்றால் ஒன்றும் விளையாத நிலம்! சாலைகளும் ஷாப்பிங் மாலும் அதைத் தின்ற பிறகுதான், 1988-ல் சட்டம் போட்டு ஆணையம் அமைத்தார்கள். அங்கு வாழும் கார்னர் புளூ என்ற சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் புழு, லூபின் என்ற ஒரே செடியின் இலையை மட்டும்தான் தின்னும். நிழல் அடர்ந்தால் லூபின் போய்விடும். கூடவே பூச்சியும் போய்விடும். அதனால் வனத்தைத் திறந்த வெளியாக வைத்திருக்க, திட்டமிட்டு, கட்டுப்பாட்டோடு தீ வைக்கிறார்கள்.

கிண்டிக்குத் தீ பொருந்தாது. இந்தக் காடு தீயை நம்பி வாழ்வதில்லை. ஆனால் பாடம் பொருந்தும்: 'அப்படியே விட்டுவிடுவது' மட்டுமே பாதுகாப்பு ஆகாது.

வெளிமானுக்கு வெளி வேண்டும்

கிண்டியின் ஸ்டார், முறுக்கிய கொம்புள்ள வெளிமான். பேரிலேயே 'வெளி' இருக்கிறது. எதிரியைத் தூரத்திலேயே பார்த்து, ஓடித் தப்பிக்கும் விலங்கு இது. அதற்குப் புல்வெளி வேண்டும். கிண்டியில் அதற்கு இருப்பது பழைய போலோ மைதானம் போன்ற சில திறந்தவெளிகள் மட்டுமே. புள்ளிமானுக்கு இந்தச் சிக்கல் குறைவு, புதரிலும் சமாளித்துக்கொள்ளும். கிண்டியின் இரு மான்களைப் பற்றி டி.ஆர். சங்கர் ராமன், ஆர்.கே.ஜி. மேனன், ஆர். சுகுமார் ஆகியோர் 1996-ல் வெளியிட்ட ஆய்வும் புள்ளிமான்களே மிக அதிகம் என்பதைக் காட்டியது.

புல்வெளியில் சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் ஏறினால் வெளிமானின் வீடு சுருங்கும். நல்லெண்ணத்தோடு அங்கே மரக்கன்று நட்டாலும் விளைவு அதேதான். 'மரம் நடு' என்பது எல்லா இடத்துக்குமான மருந்து இல்லை.

இன்னொரு சிக்கல், சுவர். 1980-களின் இறுதியில் ராஜ்பவனுக்கும் ஐஐடிக்கும் பூங்காவுக்கும் இடையே மதில் எழுந்தது. ஆக்கிரமிப்பைத் தடுக்க சுவர் தேவைதான். ஆனால் சிறு கூட்டமாகப் பிரிந்த மான்கள் தங்களுக்குள்ளேயே இனம்பெருக்க நேர்ந்தால், தலைமுறை தாண்டி அவற்றின் மரபணு வளம் குறையும்.

என்ன செய்யலாம்?

வழி தெரியாமல் இல்லை. விழுப்புரம் மாவட்டத்தில் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு, சாமிக்குப் பயந்து மக்கள் வெட்டாமல் விட்டதால் இன்றும் நிற்கிறது. 1968-ல் செம்மண் பொட்டலில் தொடங்கிய ஆரோவில், இதே வகைக் காட்டை நாட்டு மரங்களைக் கொண்டே மீட்டுக் காட்டியிருக்கிறது. தமிழக அரசும் 2022-ல் அந்நியக் களைச் செடிகளை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

கிண்டிக்கு வேண்டியது: களைகளைத் தொடர்ந்து அகற்றுவது, புல்வெளியைப் புல்வெளியாகவே வைத்திருப்பது, தெருநாய்களும் பிளாஸ்டிக்கும் உள்ளே போகாமல் பார்ப்பது. கடைசி வேலையில் நமக்கும் பங்கு உண்டு. சிறுவர் பூங்காவுக்குக் குழந்தைகளோடு போகிறவர்கள் சிப்ஸ் பாக்கெட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பலாம். மான்களுக்குத் தின்பண்டம் நீட்டாமல் இருக்கலாம்.

அடுத்த முறை சர்தார் படேல் சாலை டிராஃபிக்கில் மாட்டும்போது ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிப் பாருங்கள். மதிலுக்கு மேலே தெரிகிற அந்தக் குட்டை மரங்கள், இந்த ஊர் சென்னை ஆவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பதைச் சொல்லும்.